சிடி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டரில் சிடியைத் திறக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். பதிகம் மூன்றாம் திருமுறையில் வருகிறது. அந்தப் பதிகத்தையும் மற்ற தேவாரப் பதிகங்களையும் கணினியில் தேடிப் படிக்க 2007-இல் ஒரு சிடி வந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து வெளியிட்ட ‘கணினித் தேவாரம்’ அது. வி.எம். சுப்பிரமணிய ஐயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை ழான்-லுக் செவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் அந்த வட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதை அன்று காசு கொடுத்து வாங்கியவர், இன்று புது லேப்டாப் வாங்கியிருந்தால், சிடியைச் செருக இடம் தேட வேண்டியதுதான்.

தேவாரம் மட்டுமா? கல்யாண வீடியோ சிடி, பட்டு டிசைன் ரைட் பண்ணி வைத்த சிடி, பழைய பிரிண்டரின் டிரைவர் சிடி, மத்திய அரசு 2005 ஏப்ரலில் சென்னையில் வெளியிட்டு இலவசமாகக் கொடுத்த தமிழ் மென்பொருள் சிடி என்று காஞ்சிபுரம் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் வட்டுகள் தூங்குகின்றன. இதற்கெல்லாம் வழி டிஸ்க் இமேஜ். வட்டில் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை இருப்பதை அப்படியே ஒரே ஃபைலாக எடுத்துவிடுவது. பெரும்பாலும் ஐஎஸ்ஓ என்ற பின்னொட்டோடு வரும். 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்தின் பெயர்தான் அதற்கு நிலைத்துவிட்டது. அந்த ஃபைலை இன்னொரு வெற்று வட்டில் ரைட் பண்ணாமல், ‘இதையே வட்டு என்று எடுத்துக்கொள்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் மவுன்ட் செய்வது. உடனே இ என்றோ எஃப் என்றோ புதிதாக ஒரு டிரைவ் முளைக்கும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இந்தச் சின்ன வேலைக்குள் மாட்டிக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

தேடுவது ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே சொன்ன கணினித் தேவாரத்தையே இப்போது இணையத்தில் படிக்கலாம். பிரிண்டர் டிரைவரும் அப்படித்தான். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், வட்டில் இருப்பதைவிடப் புதிய பதிப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். இமேஜ் எடுக்கும் பாடு, வேறெங்கும் கிடைக்காத வட்டுக்கு மட்டும் போதும்.

விண்டோஸிலேயே இருக்கும் வசதியை விட்டுவிட்டு வேறு மென்பொருளுக்கு ஓடாதீர்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஐஎஸ்ஓ ஃபைலின் மேல் வலது கிளிக், பட்டியலில் மவுன்ட். வேலை முடிந்ததும் அந்த டிரைவின் மேல் வலது கிளிக் செய்து எஜெக்ட். ‘என் கம்ப்யூட்டரில் மவுன்ட் என்ற வார்த்தையே வரவில்லையே’ என்று கேட்பவர்கள் அநேகமாக வின்ரார் போட்டிருப்பார்கள். அது ஐஎஸ்ஓவைத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கும். ஓப்பன் வித் என்பதில் போய் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பென் டிரைவில் வைத்தபடியே மவுன்ட் செய்யப் பார்த்து விண்டோஸ் முரண்டு பிடித்தால், ஃபைலை சி அல்லது டி டிரைவுக்கு நகல் எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். என்டிஎஃப்எஸ் டிரைவில், சுருக்கப்படாத ஃபோல்டரில் இருப்பதையே அது விரும்புகிறது. உபுண்டு லினக்ஸிலும் மேக்கிலும் இரட்டை கிளிக்கே போதும்.

விண்டோஸ் 7-ஐத் தூக்கி எறியாதவர்கள் வின்சிடிஎமு போட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் வரிசையில் வந்த லேப்டாப்கள் விண்டோஸ் 7-ஓடு, சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. பாஸ் பக்கம் போனால் மவுன்ட் செய்ய எதுவும் புதிதாக வேண்டாம். விண்டோஸ் 7 பக்கமே இருப்பேன் என்றால் வின்சிடிஎமு நல்லது. திறந்த மூலம், இலவசம், சிறியது; ஐஎஸ்ஓ தவிர நீரோவின் என்ஆர்ஜி, ஆல்கஹாலின் எம்டிஎஃப்–எம்டிஎஸ் ஜோடி, குளோன்சிடியின் சிசிடி, க்யூ என எல்லா ரகத்தையும் திறக்கும். ஆட்டுத் தலை ஐகானோடு வரும் விர்ச்சுவல் குளோன்டிரைவும் பழுதில்லை. விண்டோஸ் 10, 11-இல் இருப்பவருக்கும் ஐஎஸ்ஓ அல்லாத ஃபைல் கையில் வந்தால் இவை வேண்டியிருக்கும். விண்டோஸ் தானாக அவற்றைத் திறக்காது.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். இந்த வகை மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டெமன் டூல்ஸின் இலவசப் பதிப்பு விளம்பரத்தோடு வருவது பலருக்கும் தெரியும். வட்டிலிருந்து இமேஜ் எடுக்க அருமையான கருவியான இம்க்பர்ன் 2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. அதன் கடைசிப் பதிப்போடுகூட வேறு சரக்கைச் சேர்த்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு திரையையும் படித்து, கூடவே வரும் டூல்பாரையும் ‘பரிந்துரை’யையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னேறுங்கள். மவுன்ட் செய்வதற்குக் காசு கேட்கும் எதையும் வாங்க வேண்டாம். அந்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது.

கல்யாண விசிடியை ஐஎஸ்ஓவாக எடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டிவிடி மலிவாவதற்கு முன், ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண வீடியோவைக் கொடுத்தது விசிடியில். ஒரு வட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கொள்ளும். அதனால்தான் நிச்சயதார்த்தம் ஒன்றில், முகூர்த்தம் ஒன்றில், ரிசப்ஷன் ஒன்றில் என்று இரண்டு மூன்று வட்டுகள் இருக்கும். வட்டைப் போட்டுப் பார்த்தால் எம்பெக்ஏவி என்றொரு ஃபோல்டர், உள்ளே டாட் என்று முடியும் பெரிய ஃபைல். பார்வைக்கு சாதாரண டேட்டா சிடி போலத்தான் இருக்கும். ஏமாற்றம் அங்கேதான். சிடியின் ஒவ்வொரு செக்டருக்கும் மொத்தம் 2352 பைட் இடம். டேட்டா சிடியில் 2048 பைட்தான் சரக்கு, மீதி பிழை திருத்தத்துக்கும் தலைப்புக்கும் போய்விடும். விசிடியில் வீடியோ இருக்கும் டிராக்கில் பிழை திருத்தத்தைக் குறைத்து, 2324 பைட்டுக்கு வீடியோவைத் திணித்திருப்பார்கள். ஐஎஸ்ஓ என்பது செக்டருக்கு 2048 மட்டும் எடுக்கும் வடிவம். அதனால் பட்டியல் இருக்கும் முதல் டிராக் மட்டும் வந்து, தாலி கட்டும் இரண்டாம் டிராக் வெளியிலேயே நின்றுவிடும். மவுன்ட் செய்தால் ஃபைல் பெயர்கூடத் தெரியும். திறந்தால் ஒன்றும் ஓடாது.

வட்டு நிறைய வீடியோ இருந்தும் இமேஜ் சில எம்பியில் முடிந்துவிட்டதென்றால் இதுதான் நடந்திருக்கிறது. விசிடிக்கு பின்–க்யூ ஜோடியாகத்தான் இமேஜ் எடுக்க வேண்டும். பின் ஃபைலில் 2352 பைட்டும் முழுசாக இருக்கும். க்யூ என்பது எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று எழுதி வைத்த சிறு குறிப்பு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாற்றாமல் வையுங்கள். பெயரை மாற்றினால் க்யூ தன் ஜோடியைத் தேடித் தவிக்கும். இம்க்பர்ன் இந்த மாதிரி வட்டைப் பார்த்தால் தானாகவே பின்னுக்கு மாறிக்கொள்ளும், அதன் போக்கில் விடுங்கள். இமேஜே வேண்டாம், வீடியோ கிடைத்தால் போதும் என்பவர்கள் அந்த டாட் ஃபைலை விண்டோஸில் நேராக நகல் எடுத்து விஎல்சியில் போட்டாலும் ஓடும். வட்டு இருக்கும்போதே, நகலை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு பீரோவுக்குள் வையுங்கள்.

பாட்டு சிடிக்கும் இதே கதைதான். எம்பி3 நிரப்பிய வட்டு என்றால் ஐஎஸ்ஓ சரி. பழைய ஆடியோ சிடி என்றால் அதில் ஃபைல் என்று எதுவுமே கிடையாது, வெறும் டிராக்குகள். அதற்கும் பின்–க்யூதான், அல்லது பாட்டுகளைத் தனித்தனி ஃபைலாக எடுத்துக்கொள்வது. வீடியோ டிவிடிக்கு மட்டும் ஐஎஸ்ஓ கச்சிதம். அதை மவுன்ட்கூடச் செய்ய வேண்டாம், விஎல்சியில் ஐஎஸ்ஓவையே இழுத்துப் போட்டால் மெனுவோடு ஓடும்.

கீறல் விழுந்த வட்டை வட்டமாகத் தேய்க்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் புதிதாக விழும் கீறல் டேட்டா ஓடும் திசையிலேயே நீளமாக விழும். அப்படியும் பாதியில் நின்றுவிடும் வட்டுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பிறகுதான் கெட்ட இடத்தில் மல்லுக்கட்டும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். வட்டின் மேல் புதிதாக ஸ்டிக்கர் ஒட்டும் ஆசை வேண்டாம். பசை மேல்பூச்சைப் பதம் பார்க்கும்.

மவுன்ட் செய்த டிரைவுக்குள் வைத்தே திருத்தி சேவ் செய்ய முயலாதீர்கள். அது படிக்க மட்டும். திருத்த வேண்டிய ஃபைலை வெளியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதே போல, வின்ராருக்குள் ஐஎஸ்ஓவைத் திறந்து அங்கிருந்தே செட்அப்பை ஓட்டாதீர்கள். அது தற்காலிக இடத்துக்குப் பிரித்துத்தான் ஓட்டும். பக்கத்து ஃபைல்கள் கிடைக்காவிட்டால் பாதியில் பிழை காட்டும். பலரும் ‘சிடி கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். மவுன்ட் செய்து ஓட்டுங்கள், அல்லது 7-ஜிப்பில் மொத்தத்தையும் ஒரு ஃபோல்டருக்குள் பிரித்துவிட்டு ஓட்டுங்கள்.

பழைய விண்டோஸ் 98 காலத்து மென்பொருள் இன்றைய 64-பிட் விண்டோஸில் ஓடாமல் போனால் இமேஜின் மேல் பழி போட வேண்டாம். 16-பிட் நிரல்களை 64-பிட் விண்டோஸ் ஓட்டுவதே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு பழைய விண்டோஸை நிறுவி, அதன் சிடி டிரைவாக இந்த ஐஎஸ்ஓவையே கொடுக்கலாம்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை இமேஜாக்கும்போது ஜூலியட் அல்லது யுடிஎஃப் என்ற ஃபைல் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ஐஎஸ்ஓ 9660-க்கு ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் தெரியும். தமிழ்ப் பெயரெல்லாம் அடிக்கோடாகிவிடும். ஜூலியட்டில் 64 எழுத்து வரை போகலாம் என்பார்கள், ஆனால் அந்த 64 நம் கணக்கில்லை. யுனிகோடில் ‘கா’ என்பது க ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு. ‘காஞ்சிபுரம்’ நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பதினொன்று. நீளப் பெயர் வைத்தால் பாதியில் வெட்டுப்படும். யுடிஎஃபில் இந்த நெருக்கடி குறைவு.

பழைய தமிழ் சிடிகளில் இன்னொரு சிக்கலும் காத்திருக்கும். மவுன்ட் ஆகும், ஃபைல் திறக்கும், உள்ளே எழுத்தெல்லாம் கிறுக்கலாக நிற்கும். வட்டில் குறை இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் குறியாக்கங்களிலோ, பாமினி போன்ற எழுத்துருவிலோ எழுதப்பட்டிருக்கும். தமிழக அரசு யுனிகோடுக்கு மாறியது 2010-இல்தான். அதனால் இமேஜ் எடுக்கும்போது, அந்த எழுத்துரு ஃபைலும் வட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இமேஜோடு சேர்த்து வையுங்கள். எழுத்துரு தொலைந்தால் எந்த எழுத்துரு மாற்றியைப் போடுவது என்பதே தெரியாது.

டிசைன் மென்பொருளின் சிடியை இமேஜ் எடுத்துவிட்டு, டாங்கிளைத் தொலைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள் பார்டரையும் முந்தியையும் புட்டாவையும் கட்டம் கட்டமாகக் கணினியில் வரைந்து, அதிலிருந்து ஜக்கார்டு அட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வகை மென்பொருள் பலவும் பூட்டோடு வருபவை. யுஎஸ்பியில் செருகும் சிறு டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். இமேஜ் வட்டைத்தான் நகலெடுக்கும், டாங்கிளை அல்ல. ஆனால் வரைந்து வைத்த டிசைன் பெரும்பாலும் பிஎம்பி போன்ற சாதாரணப் படமாகவே இருக்கும், ஒரு புள்ளிக்கு ஓர் இழை என்ற கணக்கில். எனவே மென்பொருளைவிட டிசைன் வட்டுகளை முதலில் காப்பாற்றுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளில் திறந்துகொள்ளலாம். டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் நெசவுக்கென்றே உருவாக்கிய டிஜிபுனாய் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ ஜேபெக்காகவோ மாற்றி மட்டும் சேமிக்காதீர்கள். ஜேபெக் ஓரங்களில் இல்லாத நிறங்களை உண்டாக்கும். இரண்டு நிறத்தில் இருந்த புட்டா இருபது நிறமாகும், அட்டைக்கு உதவாது.

முகம் தெரியாதவர் அனுப்பும் ஐஎஸ்ஓவைத் திறக்காதீர்கள். இன்வாய்ஸ், ஆர்டர் பட்டியல், கூரியர் ரசீது என்ற பெயரில் ஐஎஸ்ஓவோ ஐஎம்ஜியோ இணைப்பாக வந்தால், சேலை ஆர்டர் அனுப்புகிற எந்த வியாபாரியும் வட்டு இமேஜில் அனுப்புவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இது வீண் பயமல்ல. இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும். அதைப் பார்த்துத்தான் ‘ஜாக்கிரதை’ என்று எச்சரிக்கும். முத்திரை ஐஎஸ்ஓவின் மேல் இருக்குமே தவிர, மவுன்ட் செய்த பின் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு அது போய்ச் சேரவில்லை. ஆபீஸ் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022-இல் தடுக்கத் தொடங்கியதும், திருட்டுக் கூட்டம் இந்த ஓட்டைக்குத் தாவியது. அதே ஆண்டு நவம்பரில் ஓட்டையை அடைத்தார்கள். அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் அது இன்னும் திறந்தே கிடக்கிறது.

கூடவே ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். பென் டிரைவிலிருந்து தானாக நிரல் ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2011-இல் நிறுத்தியது. சிடிக்கு அந்தச் சலுகை தொடர்ந்தது. மவுன்ட் செய்த இமேஜ் விண்டோஸின் கண்ணுக்கு சிடிதான்.

பாஸ் லினக்ஸ், உபுண்டு போன்றவற்றை இறக்கினால் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிடுங்கள். 7-ஜிப் இருந்தால் வலது கிளிக் பட்டியலிலேயே அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், முழுசாகப் பாருங்கள்.

பூட் செய்ய வேண்டிய ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து பயனில்லை, பென் டிரைவில் சும்மா நகலெடுத்தும் பயனில்லை. ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவி வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32-இல் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் அதில் ஏறாது. ‘இடம் இருக்கிறதே, ஏன் ஏற மாட்டேனென்கிறது’ என்று குழம்புவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, நியாயமாகக் கையில் வைத்திருக்கும் கணினி நிரலுக்கு, தொலைவதிலிருந்தும் கெடுவதிலிருந்தும் காக்க நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சினிமா டிவிடிக்கு இந்தச் சலுகையை நீட்டிக்கொள்ள வேண்டாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது 2012 திருத்தத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழி. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் நீங்கள் வரைந்த டிசைனுக்கும் இதில் எந்தத் தகராறும் இல்லை.

இமேஜுக்குப் பெயர் வைக்கும்போது வட்டில் எழுதியிருப்பதை அப்படியே வையுங்கள், ஆண்டோடு. வட்டின் மேல்புறத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டை விட்டு வெளியே இருக்கட்டும். ஒரு சிடி சுமார் 700 எம்பி, ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி. ஒரு டிராயர் நிறைய வட்டுகள் சாதாரண வெளி ஹார்டு டிஸ்க்கின் ஒரு மூலையில் அடங்கிவிடும். இடப் பஞ்சம் என்பது சாக்கு.

பஞ்சம் டிரைவுக்குத்தான். யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆளுக்கொன்று தேவையில்லை, தெருவுக்கு ஒருவர் வாங்கி, மற்றவர்களுக்கு இரவல் கொடுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோ இன்னும் நடக்கிறதென்றால், பழைய கம்ப்யூட்டரை அவர்கள் எடைக்குப் போடுவதற்குள் வட்டுகளை எடுத்துக்கொண்டு போய், பின்–க்யூவாக எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.